வீட்டுக்கடியில் ஓர் அறை: சரிவு நிலத்து வீட்டில் கீழ்த்தளத்தை மாற்றிக் கட்டுவது

கேரளத்து முதலமடையில் மலையடிவாரத்தை ஒட்டிய வீடுகளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்வாசலில் இரண்டே படி. பின்புறம் நிலம் இறங்கிப் போவதால் ஏழடி, எட்டடி உயரத்துக்குக் கருங்கல் கட்டு. சில வீடுகளில் அந்தக் கட்டுக்குள் வெற்றிடம் விட்டு, மாங்காய்ப் பெட்டியும் விறகும் உர மூட்டையும் போட்டு வைத்திருப்பார்கள். பல வீடுகளில் உள்ளே முழுக்க மண் நிரப்பியிருக்கும். மூணாறு, தேவிகுளம் பக்கத்துச் சரிவுகளில் இந்த உயரம் இன்னும் கூடும். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் வீட்டுக்காரர் கேட்கிற கேள்வி இதுதான்: "மேஸ்திரி, இந்த மண்ணை எடுத்துட்டா கீழே ஒரு ரூம் கிடைச்சிடும்ல?"

கிடைக்கும். ஆனால் மண்ணை எடுப்பது இந்த வேலையில் நடுக்கட்டம். அதற்கு முன் ஒரு மழைக்காலம் பார்க்க வேண்டும், முடித்த பின் இன்னொரு மழைக்காலம் பார்க்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

முதலில், எந்த வீட்டில் கைவைக்கக் கூடாது

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வேலையைத் தொடங்காதீர்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்து, எழுத்தில் தந்த பிறகு யோசிக்கலாம்.

1. ஆடி, ஆவணியில் கிணற்று நீர்மட்டம் நீங்கள் நினைக்கிற கீழறைத் தரைமட்டத்துக்கு மேலே ஏறுகிறது. இதை அளக்க ஒரு டியூப் லெவலும் நூல் கயிறும் போதும்.
2. சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், கோடைக்கும் மழைக்கும் அகன்று சுருங்குகிறது.
3. அடித்தளம் கரிசல் மண்ணில் நிற்கிறது. கேரளத்தில் கரிசல் என்றாலே சிற்றூர் தாலுகாதான். கிழக்கே போகப் போக அது அதிகம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும் மண் அது. பக்கச் சுவரை அது தள்ளுகிற வேகம் செம்மண்ணில் கிடையாது.
4. கருங்கல் கட்டு வெறும் சேற்றுச் சாந்தில் கட்டியது. ஆணியால் கீறினால் சாந்து உதிரும்.
5. வீட்டுக்குப் பின்னே மலையை வெட்டிய செங்குத்து மேடு இருக்கிறது. அதன் உச்சியில் மண் விரிசலோ, சாய்ந்த மரமோ, புதிதாகக் கசியும் நீரோ தெரிகிறது.

ஐந்தாவதைப் பற்றிக் கூடுதலாக ஒன்று. 2024 பிப்ரவரி 7 அன்று உதகை அருகே லவ்டேலில் ஒரு வீட்டு மனையில் தடுப்புச் சுவருக்காகத் தோண்டிக்கொண்டிருந்தபோது மேலே இருந்த பழைய கட்டடம் மண்ணோடு சரிந்து, ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். மாதத்தைக் கவனியுங்கள். மழையே இல்லாத காலம். கோடையில் தோண்டுவது மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. மேட்டின் மேல் என்ன பாரம் நிற்கிறது என்று பார்க்காமல் அதன் அடியில் ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது.

மழையில் செய்யும் வேலை: பார்ப்பது

இடவப்பாதி மழை தொடங்கும் ஜூன் மாதத்திலிருந்து ஐப்பசி மழை ஓயும் நவம்பர் வரை உங்கள் கையில் கரிக்கோல் இருக்கட்டும்.

1. பலத்த மழை பெய்த மறுநாள் காலை கட்டைச் சுற்றி வாருங்கள். ஓதம் ஏறிய எல்லையைச் சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள்.
2. வெள்ளையாக உப்புப் பூத்த இடங்களைத் தனியாகக் குறியுங்கள். நீர் சுவருக்குள் நடந்து வெளியே வந்து காய்ந்த வழி அது.
3. உள்ளே வெற்றிடம் இருந்தால், ஒன்றரையடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டு ஒரு நாள் விடுங்கள். தாளின் பின்புறம் நனைந்தால் சுவர் கசிகிறது. முன்புறம் நனைந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. முதலாவதற்கு மருந்து வடிகால். இரண்டாவதற்கு மருந்து காற்றோட்டம். இந்த வேறுபாடு தெரியாமல்தான் நீர்த்தடைப் பூச்சில் பணம் கரைகிறது.
4. விரிசல் இருந்தால் அதன் குறுக்கே சாந்து வைத்து ஒரு கண்ணாடிச் சில்லைப் பதியுங்கள். சில்லு உடைந்தால் வீடு இன்னும் அசைகிறது.

மேட்டுப் பக்கம் ஓடையாக நீர் எந்த வழியில் வருகிறது என்பதை மழையிலேயே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொறியாளர் வருவது வெயில் நாளாக இருக்கும். அன்றைக்கு அவருக்குக் காட்ட வேறு எதுவும் இருக்காது.

காகித வேலை

கேரளத்தில் கிராமப்புற வீடுகளுக்கு 2019-ஆம் ஆண்டின் பஞ்சாயத்துக் கட்டட விதிகள் பொருந்தும். வைப்பறையாகக் காட்டிய கீழ்த்தளத்தை வசிக்கும் அறையாக்கினால் திருத்திய வரைபடமும் அனுமதியும் வேண்டும். கட்டிய பிறகு முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வீட்டின் மொத்தப் பரப்பு 100 சதுர மீட்டரைத் தாண்டினால் ஒருமுறைக் கட்டட வரி வரும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தோண்டிய மண்ணை லாரியில் மனைக்கு வெளியே கொண்டுபோவதாக இருந்தால் சுரங்க, புவியியல் துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள். பாஸ் இல்லாமல் போகும் வண்டியைப் பிடிப்பார்கள். மூணாறு சுற்றுவட்டக் கிராமங்களில் வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்றும் கேட்பார்கள்.

இரண்டு பெரிய தவறுகள்

படிகளுக்குப் போகும் முன் இதை விரிவாகச் சொல்ல வேண்டும். உயிரை எடுக்கிற தவறுகள் இவை இரண்டும்.

ஒன்று, மேல்தளத்துத் தரை. நீங்கள் இப்போது நடக்கிற வரவேற்பறைத் தரை, நிரப்பிய மண்ணின் மேல் போட்ட நாலு அங்குல வெறும் கான்கிரீட்டாக இருக்கலாம். கம்பி இருக்காது. அதைத் தாங்குவது மண். மண்ணை எடுத்தால் தரை அந்தரத்தில் நிற்கும், பிறகு மொத்தமாக இறங்கும். நடுச்சுவர்களுக்கும் இதே கதிதான். வெளிச்சுவர்களுக்கு ஆழமான கருங்கல் கட்டு இருந்தாலும், இடைச்சுவர்கள் பல வீடுகளில் ஒன்றரையடி ஆழத்தில் முடிந்துவிடும். ஆகவே தரையின் ஒரு மூலையில் ஓட்டை போட்டு, கம்பி இருக்கிறதா, கனம் எவ்வளவு என்று பாருங்கள். ஒவ்வொரு சுவரின் அடியும் எங்கே முடிகிறது என்று சோதனைக் குழி தோண்டி எழுதி வையுங்கள்.

இரண்டு, மேட்டுப் பக்கச் சுவர். உள்ளே மண் இருக்கும் வரை, வெளி மண் தள்ளுவதை உள் மண் எதிர்த்துத் தள்ளும். உள் மண்ணை எடுத்த மறுகணம் அந்த ஒன்றரையடிக் கருங்கல் கட்டு, தடுப்புச் சுவராக மாறிவிடுகிறது. அதற்காக அது கட்டப்படவில்லை. கோடையில் அசையாமல் நின்று, முதல் மழையில் வெளி மண் நீர் குடித்துக் கனத்ததும் உள்ளே தொப்பை போடும்.

என் பரிந்துரை இது: வீட்டின் முழு அகலத்துக்கும் அறை வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். மேட்டுப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு மண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். அதன் முன்னே வீட்டுக்குள்ளேயே கம்பி கட்டிய கான்கிரீட் தடுப்புச் சுவர் எழுப்பி, பள்ளத்துப் பக்கம் மட்டும் அறை எடுங்கள். இடம் குறையும். ஆனால் கிடைக்கிற அறைக்கு வெளிச்சமும் காற்றும் வரும், செலவும் பாதுகாப்பும் உங்கள் கைக்குள் நிற்கும்.

வேலை வரிசை

ஊரில் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு மழையில்லாத மாதங்களே மாங்காய்க் காலமும். ஜனவரியிலிருந்து மே வரை ஆளும் வண்டியும் தோப்புக்குப் போய்விடும். மேஸ்திரியிடம் டிசம்பரிலேயே பேசி, முன்பணம் கொடுத்து, தேதி வாங்கிவிடுங்கள்.

1. கட்டமைப்பு வரைபடம் கையில் வந்த பிறகு மேல்தளத்தில் தொடங்குங்கள். ஓர் அறையின் பழைய தரையை மட்டும் உடைத்து எடுங்கள். கீழேயுள்ள மண்ணைச் சமப்படுத்தி, பாலிதீன் விரித்து, அதன் மேலேயே கம்பி கட்டி ஸ்லாப் போடுங்கள். மண்ணே செண்டரிங் பலகையாகிவிடும். ஸ்லாப் நான்கு பக்கமும் சுவரின் மேல் எவ்வளவு ஏறி உட்கார வேண்டும், எங்கே பீம் வர வேண்டும் என்பது வரைபடப்படி.

2. நம் பக்கம் கிடைக்கிற பி.பி.சி. சிமெண்டுக்குப் பத்து நாளாவது குறையாமல் நனையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜனவரியில் ஓயாமல் வீசும். காலையில் ஊற்றிய நீர் பத்து மணிக்கெல்லாம் காய்ந்துவிடும். ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். 28 நாள் ஆகாமல் அடியில் மண்வெட்டி படக் கூடாது. ஒவ்வோர் அறையாக இதே முறை.

3. தோண்டுவது பள்ளத்துப் பக்கமிருந்து. கருங்கல் கட்டில் கதவு அளவுக்கு வழி திறக்கும் முன், அதன் மேலே லிண்டல் பீமைப் பாதிக் கனத்துக்கு ஒரு பக்கம் செருகி, இறுகிய பின் மறுபாதியைச் செருக வேண்டும். கல்லைப் பெயர்த்த பிறகு பீம் தேடக் கூடாது.

4. மண்ணை மேலிருந்து கீழாக, படிப்படியாக எடுங்கள். அடியைக் குடைந்து மேல்மண்ணைச் சரிய விடுவது வேகமான வழி. ஆட்கள் அதைத்தான் செய்யப் பார்ப்பார்கள். விடாதீர்கள். ஐந்தடிக்கு மேல் ஆழமான எந்தக் குழிக்கும் பக்கப் பலகையும் முட்டும் வேண்டும். எடுத்த மண்ணைக் குழி விளிம்பிலிருந்து ஐந்தடி தள்ளிக் கொட்டுங்கள். ஏணி எப்போதும் குழிக்குள்ளேயே நிற்கட்டும். தனியாக ஒருவரை உள்ளே விடாதீர்கள்.

5. ஸ்லாப்புக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்துக்கொண்டே முன்னேறுங்கள். முட்டின் அடியில் பலகை வையுங்கள். வெறும் மண்ணில் நின்ற முட்டு இறங்கிவிடும்.

6. உயரத்தை அளங்கள். தேசியக் கட்டட நெறிமுறை கீழ்த்தளத்துக்கு 2.4 மீட்டர், அதாவது எட்டடிக்குச் சற்றுக் குறைவான உயரம் கேட்கிறது. பீமின் அடியிலிருந்து, தரை ஓடு போட்ட பின் வரப்போகும் மட்டம் வரை அளக்க வேண்டும்.

7. உயரம் போதாவிட்டால் தரையை இறக்கலாம். ஆனால் சுவரின் அடித்தளத்துக்குக் கீழே போகிறீர்களானால், சுவரை ஒட்டித் தோண்டக் கூடாது. ஓரடி இறக்கினால் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். நடுவில் விட்ட அந்த மண்திட்டுக்குக் கான்கிரீட் உறை போட்டால் உட்காரும் திண்ணையாகவோ அலமாரி மேடையாகவோ ஆகிவிடும்.

8. திட்டு வேண்டாம், சுவர் வரை இறக்கியே ஆக வேண்டும் என்றால் சுவருக்கு அடியில் புது அடித்தளம் செருக வேண்டும். மூன்று நான்கடி நீளத் துண்டுகளாகச் சுவரைப் பிரித்து எண் போட்டு, 1, 3, 5 என்று ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டிக் கான்கிரீட் போட்டு, அது இறுகிய பின் 2, 4. புதுக் கான்கிரீட்டுக்கும் பழைய கல்லுக்கும் நடுவே விட்ட இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் பாதி ஈரச் சாந்தைக் கட்டையால் இடித்துத் திணிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை ஒரே நாளில் திறந்தால் சுவர் இறங்கும். பொறியாளர் தளத்தில் நிற்காத நாளில் இந்த வேலை வேண்டாம்.

9. தடுப்புச் சுவரைக் கட்டுங்கள். அதன் முதுகுப் பக்கம் ஓரடி அகலத்துக்கு வெறும் ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிதுணி. அடியில் நாலங்குலத் துளைக் குழாய், பள்ளத்துப் பக்கம் வெளியே போய்த் திறந்த வெளியில் முடிய வேண்டும். அறைக்குள் திறக்கிற சுவராதலால் இதில் வீப் ஹோல் எனும் வடிதுளை விடக் கூடாது. எல்லா நீரும் குழாய் வழியாகவே வெளியேற வேண்டும்.

10. தரை: கரையான் மருந்து, இடித்து இறுக்கிய மண், ஆறங்குல ஜல்லி, 250 மைக்ரான் பாலிதீன், அதன் மேல் கம்பி வலையோடு எம்-20 கான்கிரீட். பாலிதீன் ஒட்டுகளில் ஓரடி மேல்மடிப்பு. சுவரும் தரையும் சேரும் மூலையில் 1:3 சாந்தில் இரண்டங்குல வளைவு கொடுத்து, அதற்கு மேல் சிமெண்ட் வகை நீர்த்தடைப் பூச்சு இரண்டு கை.

நீர் வீட்டுக்கு வெளியே நிற்கட்டும்

உள்ளே எவ்வளவு விலை கொடுத்துப் பூசினாலும், சுவரின் பின்னே நீர் தேங்கினால் பூச்சு ஒருநாள் கொப்புளித்து உரியும். கூரை நீரைப் பாத்தி வைத்துப் பிடித்துக் குழாயில் பத்தடி தள்ளி விடுங்கள். வீட்டுக்கு மேட்டுப் பக்கம் கான்கிரீட் பூசிய வாய்க்கால் ஒன்று, இரண்டு பக்கமும் சரிவாக இறங்கிப் போகட்டும். மண் வாய்க்கால் உதவாது. அதுவே நீரைச் சுவருக்குள் இறக்கும். இந்த இரண்டையும் மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

சரிவு நிலத்தில் உங்களுக்கு ஒரு பெரிய பாக்கியம் உண்டு: நீர் தானாகவே இறங்கிப் போகும், பம்பு தேவையில்லை. கோயம்புத்தூரிலோ பாலக்காடு நகரிலோ சமதள மனையில் கீழ்த்தளம் எடுப்பவருக்கு இது கிடையாது. அங்கே சம்ப் தொட்டியும் பம்பும் வேண்டும். பலத்த மழையில்தான் கரண்டும் போகும். ஆகவே இன்வெர்ட்டரில் ஓடும் இரண்டாவது பம்பும், சாலை மட்டத்துக்கு மேல் உயர்த்திய வாசற்படியும் இல்லாமல் நகரத்துக் கீழறையில் யாரையும் தூங்க விடாதீர்கள். 2024 ஜூலை 27 அன்று தில்லி பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் கீழ்த்தளத்துக்குள் சாலை வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கேரளத்தவர். வைப்பறையாக அனுமதி பெற்ற தளத்தைப் படிப்பகமாக்கியிருந்தார்கள்.

அறையாக்கும் முன் ஒரு மழை

ஜூனில் அறையை வெறும் சுவராக விட்டுவிடுங்கள். பட்டி பார்க்க வேண்டாம், பெயிண்ட் வேண்டாம், ஜிப்சம் கூரை வேண்டவே வேண்டாம். போன வருடம் கரிக்கோலில் குறித்த இடங்களையே மறுபடி பாருங்கள். பாலிதீன் தாள் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வடிகுழாயின் வாயில் தெளிந்த நீர் வந்தால் நல்லது. மண் கலந்து வந்தால் வடிதுணி கிழிந்திருக்கிறது, தோண்டிச் சரி செய்யுங்கள். கசிவு வெற்றுச் சுவரில் கண்ணுக்குத் தெரியும், ஐந்நூறு ரூபாயில் அடைபடும். பெயிண்டுக்கும் மர அலமாரிக்கும் பின்னே அது இரண்டு வருடம் ஒளிந்திருக்கும். கல்யாணத் தேதி நெருங்குகிறது என்பதற்காக இந்தக் கட்டத்தைத் தாண்டாதீர்கள். பிள்ளைகள் ஆறு மாதம் மேலே இருந்துகொள்ளட்டும்.

காற்று, வெளிச்சம், இரண்டாவது வழி

1. நம் ஈரப்பதத்துக்கு ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கட்டும். கணவாய்க் காற்று மழைக்காலத்தில் மேற்கிலிருந்தும் பனிக்காலத்தில் கிழக்கிலிருந்தும் வரும். முடிந்தால் இரு பக்கமும் திறப்பு வையுங்கள்.
2. அடைமழை நாளில் ஜன்னலை நாள் முழுதும் திறந்து வைத்தால் அறை காயாது. ஈரக் காற்று குளிர்ந்த சுவரில் வேர்க்கும். எக்ஸாஸ்ட் மின்விசிறியை வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் ஓட விடுங்கள்.
3. ஆள் ஏறி வெளியேறக்கூடிய ஒரு ஜன்னல் கட்டாயம். இரண்டடி அகலம், மூன்றடி உயரம். கிரில் வேண்டுமானால் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கிற மாதிரி. பற்றவைத்த கிரில் அந்த ஜன்னலுக்கு ஆகாது.

மின்சாரம், கேஸ், கழிப்பறை

கீழறைக்குத் தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் மேல்தளப் பலகையில் இருக்க வேண்டும். ஒயர் மேலிருந்து இறங்கட்டும். பிளக் பாயிண்ட் தரையிலிருந்து நாலடி உயரத்தில்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். சிலிண்டரும் அடுப்பும் கீழறையில் எந்தக் காலத்திலும் கூடாது. ஜெனரேட்டரும் அப்படியே, வாசலுக்கு வெளியே நிறுத்தினாலும் புகை உள்ளே இறங்கும். படுக்கையறையாக்கிய பிறகு மாங்காய் பழுக்கப் போடவும் அந்த இடத்தைப் பயன்படுத்தாதீர்கள். பழுக்கும் காய் கரியமில வாயுவும் சூடும் விடும்.

கழிப்பறை வைப்பதானால், செப்டிக் டேங்கின் வாய் கீழறைத் தரையைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேல்தளத்துக் கழிவு மழையில் உங்கள் அறைக்குள் திரும்பும். பின்திரும்பா வால்வு துணைக்குத்தான், மட்டம் தவறினால் அது காப்பாற்றாது. புதிய உறிஞ்சு குழி கிணற்றிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

தொடங்கும் நாளில்

பல வருடம் அடைந்து கிடந்த கட்டைத் திறக்கும்போது உள்ளே விரியனும் நல்ல பாம்பும் இருக்கலாம். மலையடிவாரத்தில் இது வழக்கம். முதல் நாள் திறந்து, விளக்குப் போட்டு, காற்றாட விட்டு, மறுநாள் ஆளை இறக்குங்கள். கம்பூட்சும் கையுறையும் இல்லாமல் யாரும் கல்லைப் புரட்ட வேண்டாம். பாம்பு தென்பட்டால் அடிக்கப் போகாமல் கேரள வனத்துறையின் சர்ப்பா செயலியில் ஆளைக் கூப்பிடுங்கள். அருகில் விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனை எது என்று கேட்டு, அதன் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அந்த எண் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு முதல் கல்லை எடுங்கள்.